சரிவு நிலத்தில் ஒரு குடும்ப மனை

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார் என்பது நம் பெரியோர் வழங்கிய பழமொழி. இவ்விரண்டையும் ஒரே வருஷத்திலே தொடங்கிய ஒரு தம்பதிகளின் வரலாற்றை நம் சங்கத்து அன்பர்களுக்கும் அவர்தம் குடும்பத்தினர்க்கும் இம்மாதம் எடுத்துரைக்க விழைகின்றேன். அன்னார் நம் நாட்டினர் அல்லர். மத்திய ஐரோப்பாவில் மொரேவியா என்னும் பிரதேசத்துக்குத் தலைநகராயிருந்த பிருனோ நகரத்தார். ஜெர்மன் பாஷை பேசிய யூதர். பஞ்சும் கம்பளியும் நூற்று நெய்து விற்கும் தொழிலாற் பெருஞ்செல்வம் ஈட்டிய குடும்பத்தினர். பிருனோ அந்நாளிற் செக்கோஸ்லோவாக்கியா என்னும் தேசத்தைச் சேர்ந்திருந்தது. இந்நாளிற் செக் குடியரசைச் சேர்ந்தது. தூரதேசத்தார் கட்டிய வீட்டின் கதை நமக்கு எதற்கு என்று சிலர் வினவக்கூடும். தகப்பனார் மகளுக்கு நிலம் கொடுத்ததும், மருமகப்பிள்ளையும் மகளுமாக உட்கார்ந்து எந்த அறை எங்கே வரவேண்டுமென்று யோசித்ததும், கட்டடச் சிற்பியோடு வாதாடியதும், பின்பு கட்டிய வீட்டிற் சில ஆண்டுகளே வாழக் கொடுத்துவைத்ததும் எந்நாட்டுக் குடும்பத்தாரும் உணரத்தக்க செய்திகளே என்று எண்ணித் துணிந்தேன்.

முதலாவது நிலத்தைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். நம் ஊர்களில் வீடென்பது பெரும்பாலும் சமதரையில் எழுவது. தெருவிலிருந்து திண்ணை, திண்ணையிலிருந்து ரேழி, ரேழியிலிருந்து முற்றம், அதற்கப்பால் அடுக்களை, கடைசியிற் கொல்லை என்று ஒரு நேர்கோடு பிடித்தாற்போல வீடு பின்னோக்கிச் செல்லும். இக்கோடு சமதரை உள்ளவரைக்குமே செல்லும். நிலம் சரிந்திருக்குமாயின் கணக்கெல்லாம் மாறிவிடும். தெரு மேட்டில் இருந்தால் விருந்தினர் வீட்டின் உச்சியில் வந்து நுழைவர். தெரு பள்ளத்தில் இருந்தால் ஒவ்வொரு மூட்டை அரிசியும் மேலே சுமக்கப்படவேண்டும். ஒருபுறத்துச் சுவர் மண்ணோடு ஒட்டி இருளும் ஈரமும் கொள்ளும். மற்றொருபுறமோ வெளிச்சத்தில் மூழ்கும். மழைநீர் மேட்டுப் பக்கத்துச் சுவரைத் தேடி வரும். இவற்றுக்கு அஞ்சி, மலைப்பாங்கான இடத்திலும் மண்ணை வெட்டிச் சமப்படுத்தி, அச்சமதரையின்மேல் அடிவாரத்து வீட்டை அப்படியே வைப்பாரும் உளர். அவ்வாறு செய்பவர் மதில் தாங்கும் சுவருக்கே பாதிப் பொருளைச் செலவிட்டுவிட்டு, சரிவு கொடுக்கும் நன்மையையும் இழக்கின்றனர் என்பது என் கருத்து. நிற்க.

பிருனோவில் ஆல்பிரெட் லோவ்-பேர் என்னும் நெசவாலை முதலாளி ஒருவர் இருந்தார். அவர் குடும்பத்தார்க்கு மொரேவியாவிற் பல ஆலைகள் இருந்தன. அக்குடும்பத்துக்குரிய ஓர் ஆலையிலே தான், அது அவர்கள் கையினின்றும் பறிக்கப்பட்ட பின்பு, 1944-ல் ஓஸ்கர் ஷிண்ட்லர் என்பவர் ஆயிரத்துக்கு மேற்பட்ட யூதத் தொழிலாளரை வைத்து அவர்கள் உயிரைக் காத்தார் என்பதை இடைச்செய்தியாகக் குறிக்கின்றேன். ஆல்பிரெட் ஒரு குன்றின் அடிவாரத்தில், பூங்காவொன்றை அடுத்த தெருவில், பெரிய மாளிகை ஒன்றில் வசித்துவந்தார். மாளிகைக்குப் பின்னே தோட்டம் குன்றின்மீது ஏறி, மேலே வேறொரு தெருவிற் சென்று முடிந்தது. அவருடைய மகள் கிரெட்டா 1903-ற் பிறந்தவர். இளவயதிற் செய்துகொண்ட முதல் விவாகம் நிலைக்கவில்லை. ஒரு பெண்குழந்தையோடு அவ்விவாகத்தினின்று நீங்கிய அவர், 1928-ல் அதே ஊரில் அதே தொழில் செய்யும் டூகண்ட்ஹாட் குடும்பத்துப் பிரிட்ஸ் என்பாரை மணந்தார். தகப்பனார் மகளுக்குக் கொடுத்த சீர் யாதெனில், தம் தோட்டத்தின் மேற்பகுதி நிலமும், அந்நிலத்தின்மேல் வீடு கட்டிக்கொள்ளும் செலவுமாம்.

அந்நிலத்தின் இயல்பைக் கவனிக்க. தெரு வடகிழக்கில் மேட்டில் இருக்கின்றது. அங்கிருந்து நிலம் தென்மேற்கு நோக்கிச் செங்குத்தாக இறங்குகின்றது. எதிரே பழைய நகரமும், தேவாலயக் கோபுரங்களும், ஷ்பில்பெர்க் என்னும் பழங்கோட்டையும் தோன்றும். அடியிலே தகப்பனார் வீடு. ஆகவே இயற்கைக் காட்சி, வெயில், பிறந்தகம் ஆகிய மூன்றும் ஒரே பக்கத்தில். மண்ணும் குளிர்காற்றும் தெருவும் மறுபக்கத்தில்.

கிரெட்டா பெர்லின் நகரிற் சிலகாலம் வாழ்ந்தபோது, அங்கே அறிஞர் ஒருவர் வசித்த வீட்டிற்கு அடிக்கடி செல்வது வழக்கம். அவ்வீட்டின் கூடத்திலிருந்து கண்ணாடிக் கதவுகள் வழியே தோட்டம் தெரிந்ததும், அறைகள் தெளிவாக வகுக்கப்பட்டிருந்ததும் அவர் மனத்தைக் கவர்ந்தன. கட்டியவர் யாரென்று விசாரிக்க, லூட்விக் மீஸ் வான் டெர் ரோ என்று அறிந்தார். மீஸ் 1886-ல் ஆகன் நகரிற் கற்றச்சர் ஒருவர்க்கு மகனாகப் பிறந்தவர். சர்வகலாசாலையிற் படித்துப் பட்டம் பெற்றவரல்லர். தகப்பனார் பட்டறையிற் கல்லைத் தொட்டுப் பழகியே தொழிலுக்கு வந்தவர். தம்பதிகள் அவரைக் கண்டு பேசி, அவர் கட்டிய வீடுகள் சிலவற்றையும் நேரிற் பார்த்தனர். கூபன் என்னுமிடத்தில் ஆற்றை நோக்கிய ஒரு சரிவில் அவர் செங்கல்லாற் கட்டியிருந்த வீடு அவர்களுக்கு மிகவும் பிடித்திருந்தது. ஆகவே தமக்கும் செங்கல் வீடே வேண்டுமென்றனர். மீஸோ பிருனோவில் அத்தகைய நல்ல செங்கல்லும் இல்லை, அதைப் பூச்சின்றி அழகாக அடுக்கவல்ல கொத்தரும் இல்லை என்று கண்டு அவ்வெண்ணத்தைக் கைவிட்டார். உள்ளூரிற் கிடைக்கும் பொருளும் கைவேலையும் யாவை என்று முதலில் ஆராய்ந்த இச்செயலைப் புதுவீடு கட்டுவோர் கவனித்தல் நலம்.

1928 செப்டம்பரில் மீஸ் பிருனோவுக்கு வந்து நிலத்தைப் பார்வையிட்டார். வருஷக் கடைசி நாளாகிய டிசம்பர் 31-ந் தேதி பெர்லினில் உள்ள தம் அலுவலகத்துக்குத் தம்பதிகளை வரவழைத்துப் படங்களை விரித்தார். புத்தாண்டு விருந்துக்குச் செல்லவேண்டியவர்கள் விருந்தை மறந்து நள்ளிரவு கடந்தும் அங்கேயே இருந்து பேசினார்களாம். கிரெட்டா பிற்காலத்தில், 1969-ல், இதனைத் தாமே ஒரு சொற்பொழிவில் விவரித்திருக்கின்றார். படத்திற் பெரிய ஒரே கூடம். அதில் வட்டமாக வளைந்த ஒரு சுவரும் நேரான ஒரு சுவரும் தனித்தனியே நின்றன. அங்கங்கே சின்னஞ்சிறு சிலுவைக் குறிகள் காணப்பட்டன. இவை யாவை என்று கேட்டதற்கு, இவையே வீட்டைத் தாங்கும் இரும்புத் தூண்கள் என்று மீஸ் சர்வ சாதாரணமாக விடை கூறினார். அக்காலத்தில் வசிப்பதற்கான ஒரு வீட்டை எஃகுச் சட்டத்தின்மேல் நிறுத்துவது எவரும் கேளாத புதுமை.

தம்பதிகள் அன்று மூன்று மாறுதல்களைக் கேட்டனர். இவை சிறியவையே ஆயினும் குடும்பம் நடத்துவார் உள்ளத்தை நன்கு காட்டுவன. முதலாவது, மேல்தளத்துச் சிறிய அறைகளிலே தூண்கள் நடுவில் நிற்பின் நடமாடுவோர் மோதிக்கொள்வர். ஆதலால் அங்கே அவற்றைச் சுவருக்குள் மறைக்கவேண்டும். இரண்டாவது, இரு படுக்கையறைகளுக்கும் நடுவே மறைவின்றித் திறந்திருந்த ஸ்நான அறையைத் தனியாக அடைத்து, தனிவழி விடவேண்டும். மூன்றாவது, சாளரம் யாவற்றுக்கும் வெயில் தடுக்கும் திரை வேண்டும். இல்லையேல் கோடையிலே தாங்காது. மூன்றையும் மீஸ் தடையின்றி ஏற்றுக்கொண்டார். ஆனால் பிரிட்ஸ், தரையிலிருந்து விதானம்வரை எட்டும் நெடிய கதவுகள் நாளடைவில் முறுக்கிக்கொள்ளும் என்று தச்சர் சிலர் சொல்வதாகக் கூறி ஆட்சேபித்தபோது மாத்திரம், அவ்வாறாயின் இவ்வீட்டையே யான் கட்டேன் என்று சிற்பியார் மறுத்துவிட்டார். கதவு நெடியதாகவே அமைந்தது. வசிப்பவன் சௌகரியத்துக்கு இணங்குதலும், தன் கலையின் உயிர்நிலையில் இணங்காமையும் ஒருவரிடத்தே அமைதல் அரிது. வீட்டுக்காரரும் எங்கே விட்டுக்கொடுப்பது என்று அறிந்திருந்தனர் போலும்.

இனி வீட்டின் அமைப்பைக் காண்போம். இதுவே என் கட்டுரையின் நடுநாயகமாதலாற் சிறிது விரித்துரைக்க இடந்தருக.

தெருவிலிருந்து நோக்குவார்க்கு அது ஒரே தளமுடைய தாழ்ந்த வெள்ளை வீடாகவே தோன்றும். செல்வர் மாளிகை என்று யாரும் மதியார். உண்மையில் அது மூன்று தளமுடையது. இரண்டு தளங்கள் தெருவுக்குக் கீழே சரிவில் இறங்கிக்கிடக்கின்றன. அஃதாவது, நாம் மாடி ஏறிப் படுக்கச் செல்லும் வழக்கத்துக்கு மாறாக, அவ்வீட்டிற் படுக்கையறைகள் தெருமட்டத்திலும், கூடமும் சமையலறையும் அதற்கு அடித்தளத்திலும், இயந்திரங்களும் சலவையறையும் அதற்கும் கீழேயும் உள்ளன. வாயிலும் நேரே முகங்காட்டி நிற்பதில்லை. பால்நிறக் கண்ணாடி வளைவு ஒன்றைச் சுற்றிச் சென்றே அதனை அடையவேண்டும். தாய்தந்தையர் அறைகள், குழந்தைகளின் அறை, அவர்களை வளர்ப்பவளின் அறை ஆகியன ஒருபுறம். மோட்டார் வண்டி நிறுத்தும் கொட்டகையும் அதனை ஓட்டுவோன் குடியிருக்கும் பகுதியும் மற்றொருபுறம். இவ்விரண்டுக்கும் இடையே திறந்த வெளியொன்று விடப்பட்டது. அதன் வழியே தெருவில் நிற்போரும் எதிரேயுள்ள கோட்டையைக் காணலாம். பிறர் கண்ணுக்குரிய காட்சியை முழுதும் அடைத்துவிடாமல் வீடு கட்டிய பண்பு பாராட்டத்தக்கது.

குழந்தைகளின் அறை மேல்தளத்திலே வெட்டவெளிக்குத் திறக்கின்றது. கீழ்த்தளத்தின் கூரையே மேல்தளத்துக்கு முற்றமாயிற்று. அம்முற்றத்திற் குழந்தைகள் விளையாட மணற்குழியும், கொடி படரும் பந்தலும், அரைவட்ட ஆசனமும் இருந்தன. ஏறியிறங்கும் மாடிப்படி இன்றியே குழந்தைகள் வெளியில் ஓடி விளையாடினர். சரிவு நிலத்தில் ஒரு தளத்தின் கூரை மற்றொரு தளத்தின் முற்றமாதல் இயல்பு. அதனை யாருக்குக் கொடுப்பது என்பதே வினா. இவ்வீட்டில் அது குழந்தைகளுக்குக் கொடுக்கப்பட்டது.

வளைந்த படிக்கட்டு வழியே கீழிறங்கினாற் கூடம். அது சுமார் 24 மீட்டர் நீளமும் 15 மீட்டர் அகலமும் உள்ள ஒரே இடம். சுவர்களால் அறைகளாகப் பிரிக்கப்படவில்லை. ஆயினும் இன்ன இடம் இன்னதற்கென்பது தெளிவாயிருக்கும். மொராக்கோ தேசத்து அட்லாஸ் மலையிலிருந்து கொணர்ந்த தேன்நிற ஓனிக்ஸ் கல்லாலான சுவரொன்று நேராக நிற்கும். அதற்கு முன்னே உட்கார்ந்து பேசுமிடம், பின்னே புத்தக அறையும் பிரிட்ஸ் எழுதும் மேசையும். மக்காஸர் கருங்காலி மரத்தாலான அரைவட்டச் சுவரொன்று உணவு மேசையை அணைத்து நிற்கும். அம்மேசையோ வட்டமானது, விருந்தினர் பெருகுங்கால் வளையங்களைச் சேர்த்துப் பெரிதாக்கலாம். வேண்டும்போது பட்டுத் திரைகளையும் வெல்வெட்டுத் திரைகளையும் இழுத்து இடத்தைப் பகுத்துக்கொள்வர். கல்லச்சர் மகனாகிய மீஸ் அவ்வோனிக்ஸ் கல் அறுக்கப்படுவதைத் தாமே மேற்பார்வையிட்டார். ஆயினும் அவரும் எதிர்பாராத ஒன்று நிகழ்ந்தது. குளிர்காலத்து மாலைச் சூரியன் தாழ்ந்து வீசும்போது கதிர் கல்லினூடே பாய, அதன் பின்புறம் செந்நிறமாகச் சுடர்விட்டது.

தென்மேற்கு நோக்கிய பக்கம் முழுதும் தரையிலிருந்து விதானம்வரை கண்ணாடி. எஃகுத் தூண்கள் பாரத்தைத் தாங்கியபடியால் அப்பக்கத்திற் சுவருக்கே வேலை இல்லை. அக்கண்ணாடிகளுள் இரண்டு, மின்சார மோட்டாரால் மெல்லக் கீழிறங்கித் தரைக்குள் மறைந்துவிடும். சரிவின் பயன் இங்கேதான் முற்றுகின்றது. கூடத்துக்குக் கீழே இன்னொரு தளம் இருந்தமையால் அன்றோ அத்துணைப் பெரிய கண்ணாடி இறங்கி நிற்க இடம் கிடைத்தது! சமதரை வீட்டில் இதற்காகவே குழி தோண்டியாக வேண்டும். கிழக்குப் பக்கத்திலே இரு கண்ணாடிச் சுவர்களுக்கு நடுவே செடிகொடிகள் வளரும் ஓர் இடைவெளி. வெளிக்குளிர் கூடத்தை நேரே தாக்காதவாறு அது தடுத்தது. கூடத்திலிருந்து அகன்ற படிவரிசை தோட்டத்துக்கு இறங்கும். தோட்டமோ தகப்பனார் வீடுவரைக்கும் புல்வெளியாகச் செல்லும். தோட்டத்தை அமைத்ததில் மார்கேட்டா ரோடரோவா-முல்லரோவா என்னும் பிருனோ நகரத்துப் பெண்மணிக்குப் பங்குண்டு. உள்ளலங்காரத்திலும் ஆசனங்களிலும் மீஸுக்கு உறுதுணையாயிருந்தவரும் லில்லி ரைக் என்னும் பெண்மணியே. அவ்வீட்டிற்கென அமைத்த நாற்காலி ஒன்று இன்றும் அந்நகரின் பெயராலேயே உலகெங்கும் வழங்குகின்றது.

மண்ணோடு ஒட்டிய இருண்ட பக்கத்துக்கு என்ன செய்தனர்? அங்கே மனிதர் வாழ்வதற்கான இடத்தை வைக்கவில்லை. அடித்தளத்திலே நிலக்கரி அறை, கொதிகலம், சலவைசெய்யும் இடம், கம்பளி ஆடைகளையும் மென்மயிர்த் தோலாடைகளையும் பூச்சி அரிக்காமற் காக்கும் அறை ஆகியவற்றை வைத்தனர். பிரிட்ஸுக்கு நிழற்படம் எடுப்பதிலும் சலனப்படம் பிடிப்பதிலும் மிக்க ஆசை. படம் கழுவும் இருட்டறை வேண்டும். இருட்டு வேண்டிய வேலைக்கு இருண்ட இடம் பொருத்தமாயிற்று. வெளிக்காற்றை வடிகட்டி, ஈரப்படுத்தி, வேண்டியவாறு சூடாக்கிக் கூடத்துக்கு அனுப்பும் இயந்திரமும் அங்கேயே இருந்தது. மேலே நிலவும் அமைதிக்கெல்லாம் காரணம் கீழே மண்ணுக்குள் மறைந்துகிடந்த இவ்வியந்திரங்களும் அவற்றை இயக்கிய பணியாளருமே.

1929 ஜூனில் பிருனோவைச் சேர்ந்த ஐஸ்லர் சகோதரர் கம்பெனியார் வேலையைத் தொடங்கினர். 1930 டிசம்பரிற் குடும்பம் குடிபுகுந்தது. அவ்வாண்டு மார்ச்சு மாதத்திலேதான் தம்பதிகளுக்கு எர்ன்ஸ்ட் என்னும் மகன் பிறந்திருந்தான்.

குடிபுகுந்த மறுவருஷமே வழக்கு எழுந்தது, நீதிமன்றத்திலன்று, பத்திரிகையில். ஜெர்மானியக் கலைப்பத்திரிகை ஒன்றில் யூஸ்டுஸ் பியர் என்பார், டூகண்ட்ஹாட் வீட்டில் ஒருவன் வாழமுடியுமா என்று தலைப்பிட்டே எழுதினார். இவ்வீட்டில் மனிதன் எந்நேரமும் காட்சிப்பொருள்போல நிற்கவேண்டியுளது; தனக்குப் பிடித்த ஒரு படத்தைச் சுவரில் மாட்டவும் இடமில்லை; எழுதுமிடமும் உண்ணுமிடமும் அடைப்பின்றி ஒன்றோடொன்று கலந்துகிடக்கின்றன என்பது அவர் குற்றச்சாட்டு. இத்தனை ஆடம்பரம் தேவைதானா என்று கேட்டோரும் இருந்தனர். இக்கேள்வியை எளிதில் ஒதுக்கிவிட இயலாது. அக்காலம் உலகெங்கும் வியாபாரம் வீழ்ந்து, ஆலைகள் மூடப்பட்டு, தொழிலாளர் வேலையின்றித் தவித்த காலம். ஓனிக்ஸ் சுவருக்குச் செலவான பொருளில் எத்தனை தொழிலாளர் குடும்பங்களுக்கு வீடு கட்டியிருக்கலாம் என்று ஒருவர் கணக்கிட்டால் அதனைத் தவறு என்று கூற யான் துணியேன்.

ஆனால் வாழமுடியுமா என்னும் முதற்கேள்விக்கு விடை கூறத் தகுதியுடையார் அங்கே வாழ்ந்தவரே அல்லரோ? கணவனும் மனைவியும் தனித்தனியே அப்பத்திரிகைக்கு எழுதினர். அப்பெரிய இடம் தம்மை ஒடுக்கவில்லை, மாறாக விடுவிக்கின்றது என்பது கிரெட்டாவின் விடை. அவ்வெளியில் ஒரு மலரோ ஒரு கலைப்பொருளோ ஒரு மனிதரோ வேறெங்கும் இல்லாத தெளிவோடு விளங்குவதாக அவர் கூறினார். பிரிட்ஸ், சிறுவயதில் தம் வீட்டிலே பொம்மைகளும் பின்னல் விரிப்புகளும் நிறைந்த அறைகளிற் சலித்து வளர்ந்தவர். படம் மாட்ட இடமில்லாவிடினும் மரத்தின் ரேகையும் கல்லின் ரேகையும் கண்ணுக்கு நிறைவளிக்கின்றன என்றார். வெளியே பனி உறைந்திருக்கும் தெளிந்த நாளிற் கண்ணாடியைக் கீழிறக்கி, வெயிலில் அமர்ந்து, பனி மூடிய நிலத்தைப் பார்த்துக்கொண்டிருக்கலாம் என்றும் மகிழ்ந்து எழுதினார். திரை கேட்ட மூன்றாவது மாறுதல் நினைவிருக்கும். கோடைக்கு அத்திரைகள் உதவின.

இவ்விடத்தில் ஒப்புநோக்கற்கு மற்றொரு வீட்டையும் கூறுதல் பொருந்தும். அதே 1928-30 ஆண்டுகளில், அதே தேசத்தில், பிராக் நகரத்துச் சரிவொன்றில், பிரான்டிஷெக் முல்லர் என்னும் கட்டட எஞ்சினீயருக்கு அடால்ப் லோஸ் என்பார் ஒரு குடும்ப வீடு கட்டினார். லோஸ் பிருனோவிலேயே 1870-ற் பிறந்தவர். மீஸ் சரிவை மூன்று தட்டையான தளங்களாக்கினார். லோஸோ சரிவை வீட்டுக்குள்ளேயே அழைத்து வந்துவிட்டார். அவர் வீட்டிற் கூடத்திலிருந்து உணவறைக்குச் சில படி ஏறவேண்டும். அங்கிருந்து பெண்கள் அமரும் சிற்றறைக்கு இன்னும் சில படி. ஒவ்வோர் அறையும் அதனதன் பயனுக்கேற்ற உயரம் உடையது. பெரிய கூடத்துக்கு உயர்ந்த விதானம், இருவர் அமரும் சிற்றறைக்குத் தாழ்ந்த விதானம். வெளியிலோ அலங்காரமற்ற வெள்ளைப் பெட்டி. முதியோரும் குழந்தைகளும் நிறைந்த ஒரு குடும்பம் நாள்தோறும் அத்தனை படிகளில் ஏறியிறங்குவது எளிதன்று. அவ்வகையில் மீஸின் அமைப்பே சிறந்தது என்பேன். ஆயினும் ஒருவர் இருமினால் மற்றவர்க்குக் கேளாத தனியறை வேண்டுவார்க்கு லோஸின் வீடே இனிக்கும். முல்லர் குடும்பத்தின் கதையும் இன்பமாக முடியவில்லை. 1948-க்குப் பின் வந்த ஆட்சியில் வீடு அவர்கள் உரிமையினின்று நழுவியது. கணவர் இறந்தபின் மனைவியார் அதன் சில அறைகளில் மட்டும் 1968-ல் இறக்கும்வரை காலங்கழித்தார்.

டூகண்ட்ஹாட் குடும்பத்தார்க்கு அவ்வளவு காலமும் கிட்டவில்லை. 1938 மார்ச்சில் ஹிட்லரின் சேனை ஆஸ்திரியாவிற் புகுந்தது. பிருனோ ஆஸ்திரிய எல்லைக்கு அண்மையில் உள்ள நகரம். இனி அங்கே யூதர்க்குப் பாதுகாப்பில்லை என்று கண்டு, குடும்பத்தார் அவ்வாண்டிலேயே வீட்டை விட்டு ஸ்விட்ஸர்லாந்துக்குச் சென்றனர். எட்டாண்டும் நிறையாத வாசம்! 1941-ல் அங்கிருந்தும் நீங்கிக் கடல்கடந்து வெனிசுவேலா தேசம் சேர்ந்தனர். அடிவாரத்து வீட்டில் இருந்த தகப்பனார் ஆல்பிரெட் 1939-ல் தேசத்தை விட்டு ஓடும் வழியில் மாண்டார். இரு வீட்டாரின் உற்றார் பலர் நாஜிகளாற் கொல்லப்பட்டனர்.

1939 அக்டோபர் 4-ந் தேதி கெஸ்டாபோ என்னும் இரகசியப் போலீசார் வீட்டைக் கைப்பற்றினர். அதன்பின் அது பட்ட பாடு சொல்லி முடியாது. கருங்காலி அரைவட்டச் சுவர் பெயர்த்தெடுக்கப்பட்டது. விமான இயந்திரம் செய்யும் கம்பெனி ஒன்று வீட்டைப் பயன்படுத்தியது. 1944-ல் விமானத் தாக்குதலின் அதிர்ச்சியாற் பெருங்கண்ணாடிகள் உடைந்தன. 1945-ல் சோவியத் சேனையின் குதிரைகள் அக்கூடத்திற் கட்டப்பட்டன. போர் முடிந்தபின் சில ஆண்டுகள் ஒரு நடனப் பள்ளி அங்கே நடைபெற்றது. பின்னர் அரசாங்கத்தார் அதனைக் குழந்தைகள் வைத்தியசாலையோடு சேர்த்தனர். முதுகெலும்பு வளைந்த குழந்தைகள் ஓனிக்ஸ் சுவருக்கு எதிரே அப்பியாசம் செய்தனர். செல்வர் ஒருவர்க்கு எதற்கு இத்தனை பெரிய கூடம் என்று 1931-ற் கேட்டவர்கள் இக்காட்சியைக் கண்டிருப்பின் என்ன கூறியிருப்பாரோ அறியேன்.

ஓனிக்ஸ் சுவர் மாத்திரம் எல்லாவற்றையும் கடந்து நின்றது. 1963-ல் வீடு பாதுகாக்கவேண்டிய சின்னமாகப் பதிவுசெய்யப்பட்டது. பிரிட்ஸ் அதற்குள் 1958-ல் ஸ்விட்ஸர்லாந்திற் காலமாகிவிட்டார். கிரெட்டா 1967-ல், ஏறக்குறைய முப்பது ஆண்டுகளுக்குப் பின், தம் வீட்டைப் பார்க்க வந்தார். 1969-ற் பிருனோவில் அவ்வீட்டைப் புதுப்பிப்பது பற்றிக் கூடிய அறிஞர்முன் அவர் ஆற்றிய உரையினாலேதான், புத்தாண்டு இரவின் செய்தியும் மூன்று மாறுதல்களும் கதவைப் பற்றிய வாதமும் நமக்குத் தெரியவந்தன. மீஸ் அவ்வாண்டே அமெரிக்காவில் இறந்தார். கிரெட்டா அடுத்த ஆண்டு இறந்தார். மணற்குழியில் விளையாடிய எர்ன்ஸ்ட் ஜெர்மனியிற் புகழ்பெற்ற தத்துவப் பேராசிரியராகி, 2023-ற் காலமானார்.

1992 ஆகஸ்டு 26-ந் தேதி செக் தலைவராகிய வாட்ஸ்லாவ் கிளவுஸும் ஸ்லோவாக்கியத் தலைவராகிய விளாதிமிர் மெச்சியாரும் இவ்வீட்டில் அமர்ந்து பேசித் தங்கள் தேசத்தைப் பாகம் பிரித்துக்கொள்ள உடன்பட்டனர். 1993 ஜனவரி முதல் இரண்டு தேசங்கள் ஆயின. ஒரு குடும்பம் கூடிவாழக் கட்டிய கூடத்திலே ஒரு தேசம் பாகப்பிரிவினை செய்துகொண்டதும், அதுவும் அடிதடி வழக்கின்றிச் செய்துகொண்டதும் வியப்பே. பாகப்பிரிவினை என்ற அளவிலே நம் குடும்பங்களிற் பலவும் அவர்களிடம் பாடம் கேட்கலாம்.

2001-ல் ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ சபையார் வீட்டை உலகப் பாரம்பரியச் சொத்துக்களுள் ஒன்றாகச் சேர்த்தனர். 2010 முதல் 2012 வரை, பழைய படங்களையும், பிரிட்ஸ் தம் கையால் எடுத்த நிழற்படங்களையும் ஆதாரமாக வைத்து முற்றும் பழுதுபார்த்தனர். அவ்வேலை நடக்கும்போது தான் காணாமற்போன கருங்காலிச் சுவர் அகப்பட்டது. நகரத்துச் சர்வகலாசாலையைச் சேர்ந்த சட்டக் கல்லூரியின் உணவு மண்டபத்திலே, சுவர்ப்பலகையாக அறையப்பட்டு, மாணவர் அதன்முன் அமர்ந்து உண்டிருக்கின்றனர். அக்கட்டடம் போர்க்காலத்திற் கெஸ்டாபோவின் தலைமை அலுவலகமாயிருந்தது. பலகைகளைக் கழற்றிக் கொணர்ந்து மறுபடியும் உணவு மேசையைச் சூழ நிறுத்தினர். தரைக்குள் இறங்கும் கண்ணாடிகளும் இப்போது முன்போல இறங்குகின்றன.

அடிவாரத்தில் தகப்பனார் வாழ்ந்த மாளிகையும் பின்னர்ச் செப்பனிடப்பட்டுக் காட்சிசாலையாயிற்று. பார்க்கச் செல்வோர் கீழ்த்தெருவில் நுழைந்து, ஆல்பிரெட்டின் வீட்டைக் கண்டு, தோட்டத்துச் சரிவில் மெல்ல ஏறி மகள் வீட்டின் படிவரிசையை அடையலாம். பேரப்பிள்ளைகள் தாத்தா வீட்டுக்கு இறங்கி ஓடிய வழி அது.